அவள் வயிற்றுக் கணக்கு சரியாகத்தான் இருந்தது

என் மகளுக்கு இப்போது மூன்றரை வயது. அவளுக்கு ஒரு வயது முடிந்ததிலிருந்து ஒண்ணே முக்கால் வயது வரை, ஒன்பது மாதம், எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் என்றாலே அழுகைதான். அவளும் அழுவாள், பல நாள் நானும் அழுதிருக்கிறேன். என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. திண்டுக்கல் பக்கத்தில் எங்கள் வீட்டில் நான், அத்தை, பாப்பா மூன்று பேர்தான். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவரும் என்னைப் போலவே பயந்துபோய் இருந்தார். அந்த ஒன்பது மாதத்தில் யாராவது ஒருவர் என்னை உட்கார வைத்து, "அவள் போதும் என்றால் போதும்தான், முதலில் நீ எவ்வளவு பால் கொடுக்கிறாய் என்று கணக்குப் பார்" என்று சொல்லியிருந்தால் எங்கள் மூன்று பேருக்குமே அவ்வளவு கஷ்டம் வந்திருக்காது. யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. பிறக்கும்போது 2.8 கிலோ. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் கேழ்வரகுக் கூழ், மசித்த இட்லி, பருப்புச் சாதம், நெய் விட்ட கேரட் என்று எதைக் கொடுத்தாலும் வாயைத் திறந்துகொண்டு வருவாள். முதல் பிறந்தநாளுக்கு 8.6 கிலோ. பதின்மூன்றாவது மாதத்திலிருந்து இது அப்படியே மாறியது. நான்கு வாய் வாங்குவாள், ஐந்தாவது வாய்க்குத் தலையைத் திருப்பிக்கொள்வாள். நடக்க ஆரம்பித்திருந்தாள், ஓர் இடத்தில் உட்காரவும் மாட்டாள். பல் வருகிறது, வெயில் அதிகம், கண் பட்டிருக்கும் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தோம்.

ஒரு காதுகுத்து விசேஷத்தில் சொந்தக்காரப் பெரியம்மா ஒருவர் பாப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பத்துப் பேர் முன்னால், "ஏம்மா, புள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா, குச்சி மாதிரி இருக்கா" என்றார். அவர் பாசத்தில்தான் கேட்டார் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்குக் காது அடைத்துப்போனது. அன்று இரவு கணவரோடு வீடியோ காலில் பேசும்போது அழுதேன். மறுநாளிலிருந்து ஒரு கிண்ணம் சாதம் முழுவதும் உள்ளே போகாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். அந்தக் கிண்ணம் எவ்வளவு பெரியது, அந்த அளவை யார் சொன்னது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. பிறந்தநாளுக்கு வந்த வெள்ளிக் கிண்ணம் அது, அவ்வளவுதான்.

எப்படி ஊட்டினேன் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என் இரண்டு கால்களுக்கு நடுவே அவளை வைத்துக்கொள்வேன். இடது கையால் அவள் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். அத்தை முன்னால் உட்கார்ந்து காக்கா, நிலா, பூச்சாண்டி எல்லாம் காட்டுவார். சிரிக்க வாயைத் திறந்தாலும் சரி, அழத் திறந்தாலும் சரி, சோறு உள்ளே போய்விடும். அழும்போது ஊட்டினால் புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு முறை புரையேறி முகம் சிவந்து, முதுகில் தட்டித்தான் சரியானது. கொஞ்ச நாளில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வாங்கிய சோற்றை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வாள். அரை மணி நேரம் கழித்துத் தூக்கும்போது கன்னம் உப்பியே இருக்கும். விரலை விட்டு எடுத்தால் அதே சோறு, வெண்மை மாறாமல், உருண்டையாக வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பேச்சு வராத குழந்தை "வேண்டாம்" என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்? ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான்.

அடுத்து செல்போன் வந்தது. பாட்டு ஓடினால் கண் அதிலேயே நிற்கும், வாய் தானாகத் திறக்கும், கிண்ணம் காலியாகும். முதல் வாரம் எனக்குப் பெரிய நிம்மதி. இரண்டாவது மாதத்தில் போன் இல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். இரண்டு வயதுக்குக் கீழே திரையே கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. கண்ணுக்கும் பேச்சுக்கும் கெடுதல் என்றுதான் அதை நான் புரிந்துவைத்திருந்தேன். சாப்பாட்டோடு சேரும்போது இன்னொரு கெடுதலும் இருக்கிறது. குழந்தையின் கவனம் மொத்தமும் திரையில் இருப்பதால் வயிறு நிறைவது அதற்குத் தெரிவதில்லை. போனைக் காட்டி ஊட்டிய நாட்களில்தான் எங்கள் வீட்டில் வாந்தி அதிகம். கடைசி வாய் ஊட்டி முடித்து, போனை அணைத்து, தூக்கி நிறுத்தியதும் மொத்தமும் வெளியே வரும். வாந்தி எடுத்தாளே, வயிறு காலியாகிவிட்டதே என்று அதற்கும் பால் கலக்கிக் கொடுத்தேன்.

பால் என்றதும் அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் ஒரு பாட்டில். காலைச் சாப்பாடு சரியில்லை என்று பத்து மணிக்கு ஒன்று. மதியம் தூங்கும் முன், தூங்கி எழுந்ததும், இரவு படுக்கும்போது. ஒவ்வொன்றும் 200 மில்லி. அதாவது தினமும் ஒரு லிட்டர், சர்க்கரையும் சத்து மாவுப் பவுடரும் கலந்து. சாப்பிடாத பிள்ளைக்குப் பாலாவது போகட்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். கேட்பவர்களிடமும், "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறா, வெறும் பால்தான் குடிக்கிறா" என்று சொல்வேன். அந்த வாக்கியத்துக்குள்ளேயே பதில் இருந்தது. பாலை நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவள் வயிறு சேர்த்துக்கொண்டது.

செலவையும் சொல்கிறேன், யாராவது ஒருவராவது மிச்சப்படுத்தட்டும். ஒன்பது மாதத்தில் நான்கு மருத்துவர்களிடம் பதினொரு முறை போனதற்குக் கட்டணம் 3,300 ரூபாய். சிரப், டானிக், சொட்டு மருந்து 4,200. சத்துப் பவுடர் டப்பா ஒன்பது, 5,850. பரிசோதனைகள் 2,800. மதுரைக்கு இரண்டு முறை கார் வைத்துப் போனது 4,400. எல்லாம் சேர்த்து 20,550. இந்த சிரப்புகளில் ஒன்று பசியைத் தூண்டும் என்று எழுதிக் கொடுத்தது. அது அடிப்படையில் அலர்ஜிக்கான மருந்து என்பதும், தூக்கம் வரவைக்கும் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. அந்த மூன்று வாரமும் பாப்பா மதியம் மூன்று மணி நேரம் தூங்கினாள். நல்ல அறிகுறி என்று சந்தோஷப்பட்டோம். சத்துப் பவுடர் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தவர்களுக்கு அதில் எவ்வளவு சர்க்கரை என்று தெரியும். இந்த வகைப் பானங்களை ஹெல்த் டிரிங்க் என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. தொக்கம் எடுக்கவும் இரண்டு முறை தூக்கிக்கொண்டு போனோம். வாயில் ஊதி, தொண்டையில் சிக்கியிருந்தது என்று ஏதோ ஒரு துணுக்கை எடுத்துக் காட்டினார்கள். அன்றும் அவள் நான்கு வாய்தான் சாப்பிட்டாள். பணத்தைவிட நேரத்தை நினைத்தால்தான் எனக்கு மனசு வலிக்கிறது. ஒரு வேளைக்கு ஒன்றேகால் மணி நேரம் குறையாது. ஒன்பது மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தால் ஆயிரம் மணி நேரம். அவள் முதல் வார்த்தைகளைப் பேசிய மாதங்கள் அவை. எனக்கு ஞாபகம் இருப்பதோ கிண்ணம்தான்.

நான் கவனிக்கத் தவறிய ஒன்று இருக்கிறது, அதைப் பெற்றோர்கள் தயவுசெய்து கவனியுங்கள். பின்கட்டில் வெள்ளையடித்த சுவர் ஒன்று உண்டு. பாப்பா அந்தச் சுவரில் நாக்கை வைத்து நக்குவாள். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், அவள் முகம் எட்டும் இடத்தில், உள்ளங்கை அளவுக்கு சுண்ணாம்பு போய்ச் செங்கல் தெரிந்தது. செடித்தொட்டி மண்ணையும் கிள்ளி வாயில் போடுவாள். எல்லாப் பிள்ளைகளும் மண் தின்னும் என்று விட்டுவிட்டோம்.

ஒண்ணே முக்கால் வயதில் மலச்சிக்கல் முற்றி, கெட்டியாகப் போய், ஒருநாள் ரத்தம் பட்டது. பதறிப்போய் ஊரில் வயதான குழந்தை மருத்துவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் முதலில் கேட்டது, "ஒரு நாளைக்கு எவ்வளவு பால்?" நான்கு மருத்துவர்களிடம் போயும் அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அடுத்து அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், மண், சுண்ணாம்பு தின்கிறாளா என்று கேட்டார். எனக்கு நெஞ்சு பக்கென்றது. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.4. ஐந்து வயதுக்குள்ளான குழந்தைக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பதுதான் இங்கே கணக்கு. தேசிய குடும்பநல ஆய்வு 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இந்தக் குறை இருக்கிறது. பாதிக்கு மேல். சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று நாங்கள் அலைந்த அலைச்சலில், 250 ரூபாய் ரத்தப் பரிசோதனையை யாரும் எழுதவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

அப்புறம் அவர் தாய் சேய் நல அட்டையை வாங்கி அதிலிருக்கும் வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்தார். ஒரு வயதில் 8.6, ஒன்றரையில் 9.7, அன்றைக்கு 10.3. மூன்று புள்ளியும் ஒரே கோட்டை ஒட்டியே போனது. "எடை ஒழுங்காத்தான் ஏறுதும்மா. முதல் வருஷம் ஆறு கிலோ கிட்ட ஏறினா. அடுத்த வருஷம் இரண்டரை கிலோதான் ஏறும், எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். வளர்ச்சி மெதுவாகும்போது பசி குறையத்தானே செய்யும்?" என்றார். ஒரு தாளில் எழுதிக் காட்டினார். இந்த வயதில் ஒரு நாளைக்குத் தேவை சுமார் 800 முதல் 1000 கலோரி. ஒரு லிட்டர் பாலில் மட்டும் 600, 700 கலோரி வந்துவிடும். சர்க்கரையும் பவுடரும் அதற்கு மேலே. மிச்சம் இருக்கும் இடத்துக்கு நாலு வாய் சோறுதான் போகும். அந்த நாலு வாயைத்தான் அவள் தினமும் வாங்கிக்கொண்டிருந்தாள். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை ஒன்பது மாதமாகச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறது.

அதே சமயம், வயிற்றின் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது என்றும் அன்றுதான் புரிந்தது. பசி அளவைச் சொல்லும், எந்தச் சத்து குறைகிறது என்று சொல்லாது. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். பசும்பால் ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம்கூடக் கிடையாது. மற்ற உணவிலிருக்கும் இரும்பு உடம்பில் சேருவதையும் பால் தடுக்கும். இரும்பு குறைந்தால் பசியே மந்தமாகிவிடும், மண், சுண்ணாம்பு தின்னவும் தோன்றும். பசி இல்லை என்று இன்னும் பால், பாலால் இன்னும் இரும்புக் குறைவு. நாங்கள் சுற்றிக்கொண்டிருந்தது அந்த வட்டத்தில்தான்.

மருத்துவர் சொன்னவை கொஞ்சம்தான். பால் 400 மில்லிக்கு மேல் வேண்டாம், பாட்டிலை எடுத்துவிட்டு டம்ளரில் கொடுங்கள். இரும்புச் சொட்டு மருந்து தினமும். சாப்பாட்டுக்கு நேரம் வையுங்கள், இடையில் தண்ணீர் தவிர ஒன்றும் வேண்டாம். இருபது, முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். போன் கூடாது. "என்ன கொடுக்கிறது, எப்போ கொடுக்கிறது, எங்கே உட்கார வைக்கிறதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க. எவ்வளவு சாப்பிடணும், சாப்பிடணுமா வேண்டாமாங்கிறதை அவளிடம் விட்டுடுங்க." எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் பல வருடங்களாகச் சொல்லிவருவதும் இதையேதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சொட்டு மருந்து பற்றி ஒரு வார்த்தை: பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், நடுவில் இடைவெளி விடுங்கள். பல் கறுக்காமல் இருக்க நாக்கின் பின்பக்கமாக விட்டு, உடனே தண்ணீர் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா மாதிரி புளிப்பும் வைட்டமின் சி-யும் உள்ளது சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும்.

முதல் நான்கு நாள் ரொம்பக் கஷ்டப்பட்டேன். இரண்டாம் நாள் மதியம் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தலையைத் திருப்பினாள். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றேன், கை நடுங்கியது. அத்தை பின்னாலேயே வந்து, "பச்சைப் புள்ளய பட்டினி போடச் சொல்றானா அந்த டாக்டர்?" என்று கேட்டு அழுதுவிட்டார். "மூணு வாரம் மட்டும் பார்ப்போம் அத்தை, சரியில்லைன்னா நீங்க சொல்றபடி செய்யலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பெரியவர்களோடு இதில் வாதாடி ஜெயிக்க முடியாது, ஜெயித்தும் ஒரு பயனும் இல்லை. தவணை சொல்லிக் கேளுங்கள். அவர்கள் கையில் ஒரு வேலையையும் கொடுங்கள். அத்தைக்கு நான் கொடுத்த வேலை, ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) ஈரலும் வாங்கி, மிளகு போட்டு வதக்கி, பொடியாக நறுக்கிக் கொடுப்பது. ரத்தம் ஊறச் சுவரொட்டி கொடுப்பது எங்கள் பக்கத்தில் பழைய பழக்கம், அதில் இரும்பும் நிறையவே உண்டு. தன் கைப்பக்குவத்துக்கு மரியாதை கிடைத்ததும் அத்தை பாதி சமாதானம் ஆனார்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு வேளையும் அவள் சாப்பிட்டதை ஒரு சின்னக் கரண்டி அளவில் எழுதினேன். மூன்று வார நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை: காலை ஒன்றே முக்கால் இட்லி, மதியம் மூன்று கரண்டி, நாலு மணிக்கு வாழைப்பழம் முழுசு, இரவு கால் தோசை. மறுநாள்: காலை இட்லியை விரலால் குத்தி விளையாடியதோடு சரி, மதியம் பருப்புச் சாதம் ஒன்பது கரண்டி. வேளையைப் பார்த்தால் தலைகால் புரியாது. நாள் மொத்தமாகக் கூட்டினால் ஏறக்குறைய ஒரே அளவுதான் வந்தது. லீன் பர்ச் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1991-இல் இதையே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டிலிருந்து ஐந்து வயது வரையிலான 15 குழந்தைகள், ஆறு நாள். வேளைக்கு வேளை ஏற்ற இறக்கம் சராசரியாக 34 சதவீதம், நாளுக்கு நாள் பார்த்தால் 10 சதவீதம்தான். காலையில் விட்டதைக் குழந்தை மதியம் எடுத்துக்கொள்கிறது. நாம் வேளைக்கு ஒரு தேர்வு வைத்து, ஒவ்வொன்றிலும் அது தோற்றதாக நினைத்து அழுகிறோம். நோட்டு எழுதச் சொல்வது இதற்காகத்தான். ஒரு வாரம் எழுதினால் போதும். அதற்கு மேல் எழுதினால் அதுவே இன்னொரு கிண்ணமாகிவிடும்.

இதற்கும் முன்னால், 1926-இல் தொடங்கி, கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அப்போதுதான் பால் மறந்த 15 குழந்தைகளிடம் தட்டைக் கொடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறார். முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகள். செவிலியர் கரண்டியோடு பக்கத்தில் இருப்பார், குழந்தை கை நீட்டியதை மட்டும் கொடுப்பார், சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அந்த 15 குழந்தைகளும் நன்றாக வளர்ந்தார்கள். இதைப் படித்துவிட்டு, குழந்தைக்கு எல்லாம் தெரியும், கேட்டதைக் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பட்டியலில் முட்டை, ஈரல், பழம், காய், தானியம், பால் இருந்தன. சர்க்கரை இல்லை, மைதா இல்லை. எதை எடுத்தாலும் நல்லதாகவே இருக்கும்படி பெரியவர்கள் முன்பே பார்த்துவிட்டார்கள். அலமாரியில் கிரீம் பிஸ்கட் இருக்கிறது என்று தெரிந்த குழந்தை, சாதத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னால் அது வயிறு சொல்வதா நாக்கு சொல்வதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. நாங்கள் வீட்டில் பிஸ்கட் வாங்குவதையே நிறுத்தினோம். வயது ஏற ஏற இந்த அளவறியும் குணம் மங்கும் என்றும் படித்தேன். தட்டில் நிறைய வைத்தால் நிறையச் சாப்பிடப் பழகிவிடுகிறார்கள். அதனால் இப்போதும் முதலில் பாதி இட்லிதான் வைக்கிறேன், கேட்டால் அடுத்த பாதி.

போதும் என்பதை அவள் எப்படிச் சொல்கிறாள் என்று நான் தெரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஆனது. முதலில் வேகம் குறையும். வாயில் இருப்பதை மெல்லுவதற்கு நடுவே சுற்றிலும் பார்ப்பாள். அடுத்து ஒரு பருக்கையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒட்டுவாள், இன்னொன்றை அதன் பக்கத்தில் ஒட்டுவாள். இது விளையாட்டுத்தனம் என்று நினைத்து அதட்டியிருக்கிறேன். அதுதான் அவள் சொல்லும் முதல் போதும். அப்போதும் ஊட்டினால் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். அதையும் மீறினால் புறங்கையால் கரண்டியைத் தள்ளுவாள். கடைசியாகத்தான் அழுகை. நான் ஒன்பது மாதமும் முதல் மூன்றையும் தாண்டி, அழுகையில் ஆரம்பித்திருக்கிறேன். பசிக்கும் அடையாளங்கள் உண்டு. குக்கர் விசில் கேட்டதும் சமையலறை வாசலில் வந்து நிற்பாள், என் புடவையை இழுப்பாள், தட்டைப் பார்த்ததும் உடம்பு முன்னால் சாயும். இறங்கத் துடிப்பது எல்லாம் போதும் என்று அர்த்தமில்லை, இரண்டும் வேறு. இரண்டே வாயில் இறங்கத் துடித்தால் ஒரு நிமிடம் விட்டு, இன்னும் ஒரு முறை தட்டைக் காட்டிக் கேட்பேன். இரண்டாம் முறையும் தலையைத் திருப்பினால் எடுத்துவிடுவேன். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரவும் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதனால் அவசரமாக அள்ளித் திணித்தால் குழந்தைக்கே தன் அளவு தெரியாமல் போகும்.

எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்து கேட்டால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் வாரம் எங்களுக்கும் நடந்தது. நான் அதே தட்டைத்தான் கொடுத்தேன், வேறு எதையும் மாற்றிக் கொடுக்கவில்லை. பால் கேட்டால் தண்ணீர். அடுத்த வேளை இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடும், அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது. காய்ச்சல், சளி, தடுப்பூசி போட்ட நாட்களில் இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. அன்றைக்குக் கேட்டதைக் கேட்ட நேரத்தில் கொடுங்கள், நீர் ஆகாரம் குறையாமல் பாருங்கள். காய்ச்சல் விட்ட வாரத்தில் அவளே இரண்டு மடங்கு சாப்பிட்டு ஈடுகட்டினாள்.

எல்லாக் குழந்தைக்கும் விட்டுப் பிடித்தால் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வளர்ச்சிக் கோட்டில் எடை கீழ்க்கோட்டுக்கு இறங்கினால், இரண்டு மூன்று மாதம் எடையே ஏறாவிட்டால், விழுங்கும்போது அடிக்கடி இருமினால், தினமும் வாந்தி எடுத்தால், கெட்டியான எதையுமே வாயில் வாங்காவிட்டால், வெளிறிப்போய் மண், சுண்ணாம்பு தின்றால் காத்திருக்கக் கூடாது. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்க்கிறார்கள், காசு கிடையாது, அட்டையில் புள்ளி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை கொடுக்கும் இரும்புச்சத்து சிரப்பும், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையும் அரசிலேயே இலவசம். தனியார் மருத்துவமனைக்குப் போகிறோமே என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. போயிருந்தால் 8.4 வரை இறங்கியிருக்காது என்று இன்றும் தோன்றுகிறது.

ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 9.8 ஆனது. மூன்றாவது மாதம் 11.4. சொட்டு மருந்தை உடனே நிறுத்தாமல் இன்னும் இரண்டு மாதம் கொடுக்கச் சொன்னார், உடம்பில் சேமிப்பும் நிரம்ப வேண்டுமாம். சுவரை நக்குவது மூன்றாவது வாரத்திலேயே நின்றுவிட்டது. யாரும் அதட்டவில்லை, தானாகவே விட்டாள். அந்த இரண்டு ரத்தப் பரிசோதனை, மருந்து, மருத்துவர் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆன செலவு ஆயிரத்துச் சொச்சம். கன்னத்தில் சோறு ஒதுக்குவது மட்டும் சீக்கிரம் போகவில்லை. இரண்டரை வயது வரை, நான் கொஞ்சம் முகம் கடுத்தாலே சோறு கன்னத்துக்குப் போய்விடும். அவள் கையாலேயே சாப்பிட விட்ட பிறகுதான் அது மெதுவாக மறைந்தது. தரை முழுக்கச் சோறாகும். பழைய நியூஸ்பேப்பரை விரித்து உட்கார வைத்தேன்.

போன மாதம் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் பாப்பாவுக்கும் தனி இலை வேண்டும் என்று அடம்பிடித்து, எனக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அப்பளம், சாம்பார் சாதம் இரண்டு கை, பாயசம். பாயசத்தில் பாதி இருக்கும்போதே விரலை நக்கிவிட்டு, "போதும் அப்பத்தா" என்றாள். எதிரே நின்று பரிமாறிக்கொண்டிருந்தவர், "பாயசத்த மிச்சம் வைக்கலாமா தங்கம், ஒரே ஒரு வாய்" என்று குனிந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை கையை நீட்டி இலையை மூடினார். "அவ போதும்னா போதும் தம்பி, நீங்க அங்கிட்டு விடுங்க" என்று சொல்லி, அவளைத் தூக்கிக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போனார்.